வீட்டு இரைச்சலுக்கு நடுவே ரேடியோ: கொங்குப் பகுதிப் புது ஹாம்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெச்சூர் ரேடியோ உரிமம் கைக்கு வந்ததும் புது ஹாம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்) செய்கிற முதல் வேலை ரிக், அதாவது பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ கருவி, வாங்குவது. அடுத்த வேலை மொட்டை மாடியில் கம்பி கட்டுவது. அப்புறம் ஒரு நாள் சோர்ந்துபோய் யாராவது மூத்த ஹாமுக்குப் போன் வரும்: "நாற்பது மீட்டர்ல ஒரே இரைச்சலுங்ண்ணா. எஸ்-மீட்டர் ஏழுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. ரிக்குல ஏதாச்சும் கோளாறுங்களா?"

நாற்பது மீட்டர் என்பது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதி (பேண்ட்). எஸ்-மீட்டர், ரிக்குக்கு வரும் சிக்னலின் வலுவைக் காட்டும் மீட்டர். ரிக்கில் கோளாறு இருக்காது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தறி, பனியன் கம்பெனி, பம்ப்செட், கோழிப்பண்ணை, மாடிக்கு மாடி சோலார் பலகை. இவற்றில் பாதி இன்று சுவிட்சிங் சர்க்யூட் வைத்துத்தான் ஓடுகின்றன. ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகிற சர்க்யூட் எதுவானாலும், அதன் வயர்கள் சின்ன டிரான்ஸ்மிட்டர் ஆகிவிடும். அந்த இரைச்சல்தான் உங்கள் ஸ்பீக்கரில் கேட்கிறது.

இந்த நேரத்தில் பலர் செய்வது பவரைக் கூட்டப் பார்ப்பது. கணக்குப் போட்டால் அது வீண் என்று தெரியும். தொடக்கநிலை உரிமமான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு உச்ச வரம்பு 50 வாட், ஜெனரல் கிரேடுக்கு 400 வாட். 50-ஐ 400 ஆக்கினால் எதிர்முனையில் கூடுவது 9 டெசிபல், எஸ்-மீட்டரில் ஒன்றரைப் புள்ளி. அதுவும் அவருக்குத்தான் லாபம். உங்களுக்கு அவர் குரல் கேட்கப்போவதில்லை. இரைச்சலை எஸ் 7-இலிருந்து எஸ் 4-க்கு இறக்கினால் உங்களுக்குக் கிடைப்பது 18 டெசிபல். எதிர்முனையில் இருப்பவர் தன் பவரை அறுபது மடங்கு கூட்டியதற்குச் சமம் அது. எனவே முதல் வருஷம் பணமும் நேரமும் காதுக்குப் போகட்டும்.

உரிமம் இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வரி: மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வு, விண்ணப்பம் சரல் சஞ்சார் தளத்தில். ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் தேறினால் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி. மோர்ஸ் தேர்வும் சேர்த்து எழுதி ஜெனரல் கிரேடு வாங்கினால் வி.யு.2. தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தில் ஒரு ரிசீவரை வைத்துக்கொண்டு கீழே சொல்லியிருக்கும் வேலைகளில் முக்கால்வாசியைச் செய்து முடித்துவிடலாம்.

முதலில் அளவெடுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, மணி, பேண்ட், எஸ்-மீட்டர் எண், இரைச்சல் எப்படிக் கேட்கிறது என்று ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறையும் ரிக் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: எஸ்.எஸ்.பி. மோடு (குரலில் பேசும் முறை), 2.4 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர், ப்ரீஆம்ப் (வரும் சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) அணைத்து, ஆர்.எஃப். கெயின் (ரிசீவரின் கேட்கும் திறனைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) முழுதாக. யாரும் பேசாத இடத்தில் நிறுத்திப் படியுங்கள். உங்கள் எஸ்-மீட்டர் சரியான அளவு காட்டாமல் போகலாம், விலை குறைந்த ரிக்குகளில் அது சகஜம். பரவாயில்லை, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

எவ்வளவு இருந்தால் சரி? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு. வெளியிட்டிருக்கும் இரைச்சல் வரைகோடுகளை வைத்துக் கணக்கிட்டால், 7 மெகாஹெர்ட்ஸில் சாதாரணக் குடியிருப்புப் பகுதிக்கு எஸ் 6, கிராமத்துக்கு எஸ் 5, மனித நடமாட்டமே குறைந்த இடத்துக்கு எஸ் 3 அளவில் வரும். காந்திபுரத்தில் உட்கார்ந்துகொண்டு எஸ் 2 எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் எஸ் 8 என்றால், கிட்டத்திலேயே ஏதோ ஒன்று கத்துகிறது, அதைப் பிடித்துவிடலாம்.

அப்புறம் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். மீட்டர் பூஜ்ஜியத்துக்கு விழுந்தால் இரைச்சல் ஆன்டெனா வழியாக வருகிறது. கழற்றிய பிறகும் மீட்டர் இறங்காவிட்டால், இரைச்சல் பவர் சப்ளை வயர் வழியாக உள்ளே ஏறுகிறது. விலை மலிவான சுவிட்சிங் பவர் சப்ளைகள் இதில் பேர் போனவை.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று வேண்டும். வெறுமனே கேட்க 100 வாட் ரிக்கும்கூட ஒன்றிரண்டு ஆம்பியர்தான் இழுக்கும், எனவே யு.பி.எஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியே சில மணி நேரத்துக்குப் போதும். டிரான்ஸ்மிட் செய்தால் 20 ஆம்பியர் வரை இழுக்கும், அதற்கு இது ஆகாது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை எடுப்பதாக இருந்தால் இன்வெர்ட்டரின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு எடுங்கள், ஃப்யூஸ் போடாமல் ரிக்கில் சேர்க்காதீர்கள்.

மெயினை இறக்குங்கள்

ரிக் பேட்டரியில் ஓடட்டும். வீட்டில் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். (சொல்லாமல் இறக்கினால் வரும் இரைச்சலுக்கு ஃபில்டர் கிடையாது.)

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுவது. நம் வீடுகளில் மெயினை இறக்கிய அந்த நொடியே இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும். ஃபேன் ஓடும், லைட் எரியும், வைஃபை நிற்காது, இரைச்சல் இன்னும்கூடக் கூடும். "மெயினை அணைச்சும் போகலை, அப்ப வெளியே இருந்துதான் வருது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும், அதன் சார்ஜர் பக்கமும் சேர்த்து. மாடியில் சோலார் இருந்தால் அதையும் பாருங்கள். ஈபியோடு இணைந்து ஓடும் வகை, மெயின் போனதும் தானே நின்றுவிடும். பேட்டரி வைத்த வகை நிற்காது.

எல்லாம் நின்ற பிறகு மீட்டர் எவ்வளவு காட்டுகிறது? விழுந்துவிட்டால் சந்தோஷப்படுங்கள், திருடன் வீட்டுக்குள்ளே. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் முடியும். மெயினை ஏற்றி, எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எந்த எம்.சி.பி. ஏறும்போது மீட்டர் துள்ளுகிறதோ, அந்த லைனில் இருக்கும் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

வழக்கமாக மாட்டுகிறவர்கள்: ஃபைபர் இணையப் பெட்டியின் அடாப்டர், சி.சி.டி.வி. பவர் சப்ளை, பேர் தெரியாத மொபைல் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, மின்சார ஸ்கூட்டர் சார்ஜர், பி.எல்.டி.சி. ஃபேன். கடைசியாகச் சொன்னதில் ஒரு சங்கடம் உண்டு. பழைய ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் இது 30 வாட்டுக்குள் முடித்துக்கொள்கிறது. கரண்ட் பில்லைக் காட்டி வீட்டில் வாங்கியிருப்பார்கள். அதைக் கழற்றச் சொல்லி ஜெயித்த ஹாமை நான் பார்த்ததில்லை. ரேடியோ அறைக்கு மட்டும் பழைய ஃபேனைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடாப்டர்களைப் பொறுத்தவரை ஃபில்டர் வைத்து மல்லுக்கட்டுவதைவிட நல்ல அடாப்டராக மாற்றிவிடுவது சுலபம். ரவுட்டருக்கு 12 வோல்ட் என்றால் அதையும் ரிக் பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம்.

மாதாந்திர மின்தடை, நமக்குக் கிடைத்த வரம்

உங்கள் வீடு முழுதும் அணைந்தும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் அடுத்தது தெரு. இதற்கு மின்வாரியமே ஒரு சோதனை ஏற்பாடு செய்து தருகிறது. துணை மின்நிலையப் பராமரிப்புக்காக ஊர் ஊராக ஒரு நாள் கரண்ட் எடுப்பார்கள், பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு, ஐந்து வரை. முதல் நாள் பேப்பரிலேயே ஊர்ப் பெயர்களோடு போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் முணுமுணுக்கிற நாள் அது. நமக்கு லீவு போட்டு உட்கார வேண்டிய நாள்.

எட்டரைக்கே ரிக்கைப் பேட்டரியில் போட்டு எல்லா பேண்டிலும் அளவெடுத்து வையுங்கள். கரண்ட் போகும் நொடியில் 7 மெகாஹெர்ட்ஸில் காதை வைத்திருங்கள். சட்டென்று அமைதி வந்தால் அதுதான் உங்கள் இடத்தின் உண்மையான அடித்தளம். அந்த எண்ணை எழுதி வையுங்கள், இனி எந்த வேலை செய்தாலும் அதை நோக்கித்தான். கரண்ட் போயும் ஏதாவது மிச்சம் இருந்தால் அது பேட்டரியிலோ வெயிலிலோ ஓடுவது: பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், சோலார் பம்ப், மின்வேலி. சாயங்காலம் கரண்ட் திரும்பும் நேரத்தையும் விடாதீர்கள். கரண்ட் வந்த நொடியிலேயே எகிறுவது வேறு, பத்து நிமிஷம் கழித்து யாரோ சுவிட்ச் போட்டு வருவது வேறு.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தீபாவளி லீவு. வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போய், கம்பெனிகள் சாத்திக் கிடக்கும் அந்த நாட்களில் பேண்டைக் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் அப்போது போய், கம்பெனி திறந்ததும் திரும்பினால் உங்கள் இரைச்சலின் முகவரி கிடைத்துவிட்டது.

காதை நம்புங்கள்

எது கத்துகிறது என்பதை அதன் ஓசையே பாதி சொல்லிவிடும். கரகரவென்று நொடிக்கு நூறு துடிப்போடு ஓடினால் மின்கம்பம் அல்லது எங்கோ பொறி பறக்கும் இணைப்பு. நொடிக்கு ஒரு முறை டிக், டிக் என்றால் மின்வேலி. சூரியன் ஏறும்போது ஏறி, மேகம் மறைத்தால் மாறி, பொழுது சாய்ந்தால் போய்விடுவது சோலார். மாலை ஆறுக்கு மேல் தொடங்கினால் எல்.இ.டி. விளக்குகள். 14.030, 21.052 மெகாஹெர்ட்ஸ் என்று குறிப்பிட்ட இடங்களில் மட்டும் மெல்லிசாக விசில் கேட்டால் கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிள். 

மலிவான எஸ்.டி.ஆர். டாங்கிள் (கம்ப்யூட்டர் மென்பொருளால் இயங்கும் ரிசீவர்) ஒன்றை லேப்டாப்பில் செருகி, சிக்னல்களைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் பார்த்தால் இன்னும் தெளிவு. சுவிட்சிங் சப்ளைகள் சம இடைவெளியில் மேடு மேடாகத் தெரியும், சூடு ஏற ஏற மெல்ல நகரும். லேப்டாப்பையும் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். அதன் சார்ஜரே ஒரு குற்றவாளி.

இயற்கையின் சத்தம் வேறு. சித்திரை, வைகாசியில் கோடை மழை கட்டும் சாயங்காலங்களிலும் ஐப்பசி மழைக்காலத்திலும் பட் பட் என்று வெடிப்பது மின்னல். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிக்கிற இடியும் நாற்பது மீட்டரில் கேட்கும். அதற்குப் பரிகாரம் கிடையாது. சந்தேகம் இருந்தால் இணையத்தில் பொதுவாகத் திறந்து வைத்திருக்கும் எஸ்.டி.ஆர். ரிசீவர் ஒன்றில், வேறு ஊரில் இருப்பதாகப் பார்த்து, அதே அலைவரிசையைக் கேளுங்கள். அங்கேயும் அதே வெடிப்பு இருந்தால் வானத்தை விட்டுவிட்டுக் கேபிளைக் கழற்றி வைக்கிற வேலையைப் பாருங்கள். தூரத்தில் மின்னினாலும் ஆன்டெனா கேபிள் ரிக்கில் இருக்கக் கூடாது.

கையில் டிரான்சிஸ்டரோடு ஒரு நடை

தெருவில் தேடுவதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. மீடியம் வேவ் உள்ள சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். கோவை வானொலிக்கு உரிய 999 கிலோஹெர்ட்ஸ் போன்ற இடங்களை விட்டு விலகி, நிலையமே இல்லாத இடத்தில் வைத்து நடங்கள். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் (ஒரு காந்தப் பொருள்) குச்சிக்குத் திசை தெரியும்: குச்சியின் முனை இரைச்சலைப் பார்க்கும்போது சத்தம் சட்டென்று குறையும். ஓரிடத்தில் நின்று அந்தக் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், நூறடி தள்ளிப் போய் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் ஆள் இருக்கும் இடம். மின்கம்பி வழியாக இரைச்சல் ஓடுவதால் கம்பிக்கு நேர் கீழே எங்கும் சத்தமாகத்தான் இருக்கும், கம்பியை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

தறிக்குடோனைக் கண்டதும் அதுதான் என்று முடிவு கட்டாதீர்கள். சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் ரேடியோவுக்குச் சாது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் முதல் மோட்டாரைச் செய்த காலத்திலிருந்து இந்த ஊரை வாழவைக்கிற அந்த மோட்டாரில் பிரஷ் கிடையாது, பொறி கிடையாது. வெட் கிரைண்டர் சத்தம் காதுக்கு மட்டும்தான், ரேடியோவுக்கு இல்லை. மிக்ஸிக்குப் பிரஷ் உண்டு, ஆனால் சட்னி அரைத்து முடித்தால் தீர்ந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் சேர்த்த மோட்டார்தான் நமக்கு எதிரி: மில்லில் இருக்கும் வி.எஃப்.டி., பனியன் தைக்கும் பவர் டேபிளில் பழைய கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டு மாட்டிய சர்வோ மோட்டார், தோட்டத்தில் சோலார் பம்ப் கன்ட்ரோலர். பழைய விசைத்தறிகளுக்கு மத்தியில் பேண்ட் அமைதியாக இருந்து, ஒரு சின்ன பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் காது கிழிவதற்குக் காரணம் இதுதான்.

அக்கம் பக்கத்தில் பேசுவது

இரைச்சல் எந்த வீடு என்று தெரிந்த பிறகு பேசும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டம் பேசினால் கதவு மூடும். "உங்க வீட்டுச் சாமான் கெட்டுப்போயிருக்கு" என்றும் தொடங்காதீர்கள். கையில் அந்த டிரான்சிஸ்டரோடு போய், "ஏனுங்கண்ணா, இந்த ரேடியோவுல ஒரு சத்தம் வருதுங்க, உங்க மாடி லைட்டை ரெண்டு நிமிஷம் அணைச்சுப் பாக்கலாங்களா?" என்று கேளுங்கள். அணைத்ததும் சத்தம் நிற்பதை அவரே காதால் கேட்டுவிட்டால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாற்று பல்போ அடாப்டரோ உங்கள் செலவில் கொண்டுபோய்க் கொடுங்கள். இருநூறு, முந்நூறு ரூபாயில் தீர்கிற விஷயத்துக்கு வருஷக்கணக்கில் முறைத்துக்கொள்ள வேண்டாம்.

மின்வேலி கதை கொஞ்சம் வேறு. தடாகம், சிறுமுகை, சத்தியமங்கலம், ஆழியாறு என்று மலையடிவாரம் முழுக்க யானைக்கும் பன்றிக்கும் பயந்து பேட்டரி வேலி போட்டிருக்கிறார்கள். வேலிப் பெட்டி தரும் துடிப்பு மட்டும் பெரிய தொல்லை இல்லை. விரிசல் விட்ட இன்சுலேட்டர், கம்பியைத் தொடும் பச்சைக்கொடி, முறுக்காமல் விட்ட இணைப்பு, இங்கெல்லாம் துடிப்புக்கு ஒரு பொறி பறக்கும், அதுதான் இரைச்சல். தோட்டக்காரரிடம் இதைச் சொல்லும் முறை ஒன்று உண்டு: "பொறி பறக்கிற இடத்துல கரண்ட் கசியுதுங்க, அதுக்கு அந்தாண்ட வேலிக்கு வலு இருக்காது." இது உண்மையும்கூட. அவர் அன்றைக்கே கொடியை வெட்டிவிடுவார். ஈபி கரண்டை நேரடியாக வேலியில் கொடுத்திருப்பதாகத் தெரிந்தால் அருகில் போகவே போகாதீர்கள். அது சட்டவிரோதம், உயிரைக் குடிக்கும்.

சோலார் பம்ப் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: பலகையிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் பிளஸ், மைனஸ் வயர்கள் தனித்தனி வழியில் விரிந்து வருகின்றனவா? அப்படி வந்தால் அந்தச் சுற்றே பெரிய லூப் ஆன்டெனா. இரண்டையும் ஒட்டி ஒரே குழாயில் கொண்டுவந்து, கன்ட்ரோலர் அருகே இரண்டையும் சேர்த்து ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றினால் நல்ல அளவு இறங்கும். மோட்டாருக்குப் போகும் வயருக்கும் அதே வைத்தியம். போர் ஆயிரம் அடி ஆழமானாலும் மண்ணுக்குள் போன வயர் நமக்குப் பிரச்சினையில்லை. கன்ட்ரோலருக்கும் போர் வாய்க்கும் நடுவே தரைக்கு மேல் ஓடுகிற நீளம்தான் கத்தும். வேலையை அவருடைய ஆளை வைத்து, பலகைகளைத் துண்டித்த பிறகே செய்ய வேண்டும்; வெயிலில் அந்த டி.சி. வோல்டேஜ் ஆளைக் கொல்லப் போதுமானது.

மின்கம்பம்

கரகர ஓசை வெயிலில், காற்றில் கூடி, மழை பெய்ததும் நின்றுவிட்டால் கம்பத்தில் ஏதோ தளர்ந்திருக்கிறது: ஒரு போல்ட், ஒரு கிளாம்ப், கம்பியைக் கட்டிய இடம். ஈரம் பட்டதும் இடைவெளி அடைபட்டுப் பொறி நிற்கும். மாறாக, பனியிலும் தூறலிலும் கூடினால் இன்சுலேட்டர் மேல் படிந்த தூசிதான் பெரும்பாலும் காரணம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் கம்பங்கள் ஆடாமல் நிற்பதில்லை. காற்றாலைக்காரர்களுக்கு அறுவடை மாதங்கள், நமக்குக் கரகர மாதங்கள்.

கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பது எல்லாம் கூடவே கூடாது. வெளிநாட்டு வீடியோக்களில் மரக்கம்பத்தைச் சுத்தியலால் தட்டுவார்கள். அதைப் பார்த்து இங்கே யாரும் செய்ய வேண்டாம். டிரான்சிஸ்டரை வைத்து எந்தக் கம்பம் என்று குறித்து, அதில் எழுதியிருக்கும் எண்ணோடு பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ரேடியோவில் சத்தம் என்று எழுதினால் மனு அடியில் போய்விடும். "கம்பத்தில் பொறி பறக்கிறது, இணைப்பு தளர்ந்திருப்பதாகத் தெரிகிறது" என்று எழுதுங்கள். இரவில் ஒரு முறை தள்ளி நின்று பார்த்துப் பொறி கண்ணுக்குத் தெரிந்தால் போட்டோவும் சேருங்கள். லைன்மேன் அறிமுகம் இருந்தால் அடுத்த பராமரிப்பு நாளிலேயே முறுக்கிவிட்டுப் போவார்.

ஆன்டெனாவை நகர்த்துங்கள்

உங்களால் அணைக்க முடியாத இரைச்சல் எப்படியும் மிஞ்சும். அதற்கு ஒரே நல்ல மருந்து தூரம். வீட்டு வயரிங்கிலிருந்து வரும் இரைச்சல் முதல் பத்துப் பதினைந்து மீட்டரில் வேகமாக இறங்கிவிடும். மொட்டை மாடியில், சோலார் பலகைக்கு மேலே தலையுயரத்தில் கட்டிய கம்பிதான் இருப்பதிலேயே மோசமான இடம். இடம் இருப்பவர்கள் வீட்டை விட்டு விலக்கிக் கட்டுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (நடுவில் கேபிள் சேரும் கம்பி ஆன்டெனா) மொத்த நீளம் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி இருக்கும், மூன்று இடைவெளி தள்ளி இரண்டு மரம் கிடைத்தால் போதும். மரம் காற்றில் ஆடும் என்பதால் ஒரு முனையைக் கப்பியில் போட்டு, கயிற்றின் நுனியில் கல்லையோ மண் நிரப்பிய கேனையோ தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் முதல் ஆடிக்காற்றிலேயே அறுந்துவிடும். கம்பி அறுந்து விழுந்தால்கூட மின்கம்பியைத் தொட முடியாத இடமாக இருக்க வேண்டும், இதில் சமரசமே இல்லை. நட்டு வைக்கும் வெர்ட்டிகலைவிடப் படுக்கையான டைபோலுக்கு மனிதர் உண்டாக்கும் இரைச்சல் குறைவாகவே கேட்கும்.

டைபோலை நகர்த்தினால் மட்டும் போதாது, கோஆக்ஸ் கேபிளின் வெளித்தோல் வழியாக வீட்டு இரைச்சல் ஆன்டெனா வரைக்கும் நடந்து போகும். அதை அடைக்க, ஆன்டெனாவின் நடுவில் ஒரு சோக். 31 ரக ஃபெரைட், இரண்டரை அங்குல வளையம், அதில் ஆர்.ஜி.58 கேபிள் பத்துப் பன்னிரண்டு சுற்று. முடிந்தால் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று. ஒரு முனையில் ஊட்டும் எண்ட்-ஃபெட் கம்பி கட்டியிருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

ஃபெரைட் வாங்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். சுற்று இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ஆன்லைனில் விற்கும் கிளிப் வளையத்தை வயரில் ஒரு முறை மாட்டினால் 7 மெகாஹெர்ட்ஸில் ஒன்றும் நடக்காது. அதே வயரை ஐந்து முறை உள்ளே விட்டுச் சுற்றினால் இருபத்தைந்து மடங்கு. பழைய பட்டன் டி.வி.யின் யோக் ஃபெரைட்டும் உதவும், பழைய இரும்புக் கடையில் தேடிப் பாருங்கள்.

எர்த் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. செம்மண்ணும் பாறையுமான பூமியில் எர்த் ராடு இறங்கவே பாடுபடும், இறக்கித்தான் ஆக வேண்டும்; அது மின்னலுக்கும் ஷாக்குக்கும். இரைச்சல் அதனால் போய்விடும் என்று மட்டும் நம்பாதீர்கள். சில வீடுகளில் பிளக் எர்த்தில் ரிக்கைச் சேர்த்ததும் இரைச்சல் கூடுவதுதான் நடக்கும்.

இடமே இல்லாத தெரு வீடுகளுக்கு, கேட்பதற்கு மட்டும் தனி லூப் ஆன்டெனா வைத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் குறுக்களவு லூப்பைக் கையால் திருப்பினால் ஒரு திசையில் இரைச்சல் அமுங்கும். தோட்டம் இருந்தால் பக்கத்துக்கு நாலரை மீட்டர் சதுரமாக வயரைத் தரையிலேயே படுக்க வைத்து, ஒரு 9:1 டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கேட்கலாம். சிக்னலும் குறையும், இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறையும். இந்த ஆன்டெனாக்களில் டிரான்ஸ்மிட் செய்யக் கூடாது, ரிக்கில் தனி ரிசீவ் சாக்கெட் இல்லாவிட்டால் மாற்றும் ரிலே வேண்டும்.

ரிக்கின் குமிழ்கள்

இது கடைசி வேலை, ஆனால் எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். நாற்பது மீட்டரில் ப்ரீஆம்ப் வேண்டாம். அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் வசதி) ஒரு படி போட்டு, ஆர்.எஃப். கெயினை இறக்கினால் காதுக்கு உடனே நிம்மதி. வெளி இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் இதில் நீங்கள் எதையும் இழப்பதில்லை. நாய்ஸ் பிளாங்கர் டிக் டிக் ரகத்துக்கு, மின்வேலிக்கு அருமையாக வேலை செய்யும். நாய்ஸ் ரிடக்‌ஷன் ஸ்ஸ் என்று வரும் ரகத்துக்கு. அதிகம் கூட்டினால் பேசுபவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

மிச்ச இரைச்சலோடு பேச வேண்டியிருந்தால் நேரம் பார்த்துப் பேசுங்கள். விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரை கம்பெனி இல்லை, சோலார் இல்லை, தெரு விளக்கு மட்டும்தான். ரிப்போர்ட் கொடுக்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். பாதி கேட்காமல் "ஐம்பத்தொன்பது" (தெளிவும் வலுவும் அருமை என்று பொருள்) கொடுத்துவிட்டுப் பெயரை மூன்று முறை கேட்பது நம் பேண்டில் தினம் நடக்கிற வேடிக்கை. குரல் எடுபடாவிட்டால் மோர்ஸ் இருக்கிறது, 7.074-இல் கம்ப்யூட்டர் வழியாகப் பேசும் எஃப்.டி.8 முறை இருக்கிறது. இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே கிடக்கும் சிக்னலையும் அது பிடித்துவிடும்.

இரைச்சல் இறங்கி, நீங்களும் ஒழுங்காகப் பேச ஆரம்பித்த பிறகு ஒரு நாள் பக்கத்துத் தோட்டக்காரர் வரலாம்: நீங்கள் பேசும்போதெல்லாம் செல்போனால் மோட்டாரை இயக்கும் அவருடைய மொபைல் ஸ்டார்ட்டர் மோட்டாரை நிறுத்திவிடுகிறது என்று. உங்கள் சிக்னல் அவருடைய வயருக்குள் ஏறுகிறது. மறுக்காமல் போய்ப் பாருங்கள், எந்த பேண்டில், எத்தனை வாட்டில் நடக்கிறது என்று ஒருவர் ஸ்டார்ட்டர் அருகே நின்று போனில் சொல்லச் சோதியுங்கள். அப்புறம் மெயினை இறக்கிவிட்டு, ஸ்டார்ட்டரின் சென்சார் வயர்களையும் போர்டுக்குப் போகும் சப்ளை வயரையும் அதே 31 ரக வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கொடுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும். தீரும்வரை அந்த பேண்டில் பவரை இறக்கியே பேசுங்கள்.